ஆயிரக்கணக்கில் எச்சரிக்கைகள்: எதைக் கொண்டு கண்டுபிடிப்பது, எங்கிருந்து சீர்செய்வது?

சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் முதன்முறையாக ஒரு லின்டரை (நிரலை ஓட்டாமலேயே படித்து, அதிலுள்ள குறைகளைச் சுட்டும் கருவி) ஓட்டினால் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். அன்றைக்கே குழுவில் கருத்து பிரியும். "ஒரு வாரம் மற்ற வேலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடலாம்" என்பார் ஒருவர். "பழையதைத் தொடவே வேண்டாம், இனி எழுதுவதாவது ஒழுங்காக இருக்கட்டும்" என்பார் இன்னொருவர். குறிப்பிட்ட சில ஃபைல்கள்தான் தலைவலி, அவற்றை மட்டும் பார்ப்போம் என்பது மூன்றாமவர் கருத்து. நான்காமவருக்கு மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுத ஆசை. நால்வர் சொல்வதும் ஏதோ ஒரு சூழலில் சரிதான். உங்கள் சூழல் எது என்று கண்டுகொள்வதில்தான் சிக்கல்.

இதில் இரண்டு முடிவுகள் கலந்துகிடக்கின்றன: குறைகளை எதைக் கொண்டு கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தவற்றை எந்த வரிசையில் சீர்செய்வது. கருவியைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, வரிசையைப் பற்றி ஒரு கூட்டம்கூடப் போடாத குழுக்கள் உண்டு. உண்மையில் பணமும் நேரமும் போவது இரண்டாவது முடிவில்தான். அதனால் இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கம்தான் கூடுதலாகச் சாய்ந்திருக்கும்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியானாலும் அது எந்த வகைக் குறையைப் பிடிக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். தரக்குறை என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. இடைவெளி, பெயரிடல் போன்ற வடிவக் குறைகள்; வெற்று மதிப்பாக வரக்கூடியதைச் சோதிக்காமல் பயன்படுத்துவது போன்ற பக் வாய்ப்புகள்; ஒரே ஃபங்ஷன் பத்து வேலை பார்ப்பது போன்ற வடிவமைப்புக் குறைகள்; கேட்டது ஒன்று எழுதியது வேறொன்று என்ற பொருட்குறைகள். முதல் வகையைக் கருவி ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும். கடைசி வகை அதன் கண்ணிலேயே படாது.

அடுத்தது பொய் எச்சரிக்கைகள். கூகுளில் ட்ரைகார்டர் என்ற பகுப்பாய்வு அமைப்பை நடத்தியவர்கள், ஒரு சோதனைக்கான பொய் எச்சரிக்கை விகிதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். அவர்கள் பொய் என்று எண்ணியது, கருவி தவறாகச் சொன்னதை மட்டும் அல்ல. படித்தவர் எதுவும் செய்யாமல் கடந்துபோன எச்சரிக்கையையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். இந்த வரையறை மிகவும் சரியானது. தொழில்நுட்ப ரீதியில் உண்மையாக இருந்தும் யாரும் திருத்தாத எச்சரிக்கை, அடுத்த எச்சரிக்கையையும் படிக்காமல் விட மனிதரைப் பழக்கிவிடுகிறது.

மூன்றாவது, குறை எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது. என்னைக் கேட்டால் ஐந்து அளவுகோல்களில் இதுதான் முதன்மையானது. ஃபேஸ்புக் தன் இன்ஃபர் கருவியின் முடிவுகளைத் தனிப் பட்டியலாகத் தயாரித்துப் பொறியாளர்களுக்குக் கொடுத்தபோது, திருத்தப்பட்டவை கிட்டத்தட்ட பூஜ்யம். அதே கருவியின் முடிவுகளை கோட் ரிவ்யூ (எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்ப்பது) நடக்கும்போதே, மாற்றிய வரிக்குப் பக்கத்தில் காட்டியதும் திருத்த விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. கருவியின் அறிவு கூடவில்லை, நேரம்தான் மாறியது. அந்த நிரல் எழுதியவரின் மனதில் இன்னும் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

நான்காவது, சீர்செய்யப்போய் எதை உடைப்போம்? 2006இல் டெபியன் லினக்ஸில், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் தொடக்க மதிப்பு தராத நினைவகத்தைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் கருவி எச்சரித்தது. அதை அடக்க இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒரே மாதிரி தோன்றிய அந்த வரிகளில் ஒன்றுதான் சமவாய்ப்பு எண்களுக்கான மூலப்பொருளைக் கலந்துகொண்டிருந்தது. அது போனதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும், அதாவது அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை அந்தக் கணினிகளில் இந்த நூலகம் வழியாக உருவான ரகசியச் சாவிகள் அனைத்தும் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. எச்சரிக்கை நின்றுவிட்டது என்பதும் குறை தீர்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு.

ஐந்தாவது தொடர்செலவு. உரிமக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். விதிகளைப் பராமரிக்கும் நேரம், பில்ட் காத்திருப்பு (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் நேரம்), மெர்ஜ் மோதல்கள் (இருவரின் மாற்றங்களை இணைக்கும்போது முட்டிக்கொள்வது), மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாறு கலங்குவது ஆகியவை எந்தக் கணக்கிலும் வராது.

## கண்டுபிடிக்க நான்கு வழிகள்

| வழி | நன்றாகப் பிடிப்பது | பிடிக்காதது | கண்ணில் படும் நேரம் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| லின்டர், ஃபார்மேட்டர் (நிரலின் வடிவத்தைத் தானாகச் சீராக்குவது) | வடிவம், பயன்படாத வேரியபிள், எளிய பக் | ஃபைல்களைத் தாண்டிய பக், வடிவமைப்பு | தட்டச்சும்போதே | விதிகள் பற்றிய வாக்குவாதம் |
| ஆழ்ந்த பகுப்பாய்வு | தரவு ஓட்டம், பாதுகாப்புக் குறை, நகல் நிரல் | தேவையைத் தவறாகப் புரிந்தது | புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கை), அல்லது மெர்ஜுக்குப் பிறகு | கட்டணம், வடிகட்ட ஓர் ஆள் |
| மனித ரிவ்யூ | வடிவமைப்பு, பெயர், தேவை | நீளமான மாற்றத்தின் பிற்பகுதி | மெர்ஜுக்கு முன் | காத்திருப்பு நேரம் |
| டெஸ்ட், மியூட்டேஷன் | நடத்தைப் பிழை, பலவீனமான டெஸ்ட் | படிக்கக் கடினமான நிரல் | பில்டில் | ஓடும் நேரம், டெஸ்ட் பராமரிப்பு |

### லின்டரும் ஃபார்மேட்டரும்

லின்ட் என்ற முதல் கருவியை பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்காக எழுதினார். இன்று பைத்தானுக்கு ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட், ரூபிக்கு ரூபோகாப், கோ மொழிக்கு கோலாங்சிஐ-லின்ட் என்று மொழிக்கு ஒன்று இருக்கிறது. அனைத்தும் இலவசம், நொடிகளில் முடியும், எடிட்டருக்குள்ளேயே காட்டும். நேரம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச வேறொன்று இல்லை.

இவை அற்ப விஷயங்களைத்தான் பிடிக்கும் என்ற எண்ணம் தவறு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புக் குறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் வரிசையாகப் பல "இஃப்" நிபந்தனைகள். ஒவ்வொன்றின் கீழும் அடைப்புக்குறி இல்லாமல் "கோட்டு ஃபெயில்" என்று ஒரு வரி. ஓர் இடத்தில் மட்டும் அந்த வரி இரண்டு முறை வந்துவிட்டது. முதலாவது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் தாவிவிடும். அதற்குக் கீழிருந்த கடைசிக் கையொப்பச் சோதனை ஓடவே இல்லை. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால் ஃபங்ஷன் வெற்றி என்று திரும்பியது. அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கும் விதியோ, அடையமுடியாத நிரலைக் காட்டும் விதியோ இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும். ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால்கூட இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து துருத்திக்கொண்டு நின்றிருக்கும். ஆனால் கிளாங் கம்பைலரில் "அனைத்து எச்சரிக்கைகளும்" என்ற பெயர் கொண்ட விருப்பத்திலேயே அடையமுடியாத நிரலுக்கான எச்சரிக்கை சேரவில்லை. அதைத் தனியாக இயக்க வேண்டும். உங்கள் கருவியின் இயல்புநிலை விதிப்பட்டியலை ஒரு முறையாவது முழுதாகப் படித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மறைசெலவு, விதிகளைப் பற்றிய முடிவில்லா விவாதம். வடிவம் சார்ந்தவற்றை எல்லாம் ஃபார்மேட்டரிடம் ஒப்படைத்து, அதன் இயல்புநிலையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். லின்டரில் "எச்சரிக்கை" என்ற நடுநிலையை வைத்துக்கொள்ள வேண்டாம்: ஒரு விதி பில்டை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அணைந்திருக்க வேண்டும். பில்டை நிறுத்தாத எச்சரிக்கைகள் குவியும், குவிந்ததை யாரும் படிப்பதில்லை.

### ஆழ்ந்த பகுப்பாய்வுத் தளங்கள்

சோனார்க்யூப், கோட்கியூஎல், செம்கிரெப், கவரிட்டி முதலியவை இந்த வகை. ஓர் உள்ளீடு எந்த ஃபைலில் நுழைந்து, எந்த ஃபங்ஷன்களைக் கடந்து, எந்தத் தரவுத்தள வினவலில் போய்ச் சேர்கிறது என்று பின்தொடரும் திறன் லின்டரிடம் இல்லை. இவற்றில் பலவற்றுக்கு உண்டு. வெளியார் உள்ளீட்டை வாங்கும் மென்பொருளுக்கு இது வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது, முடிவு எப்போது காட்டப்படும் என்பதை. சொந்த சர்வரில் நிறுவும் சோனார்க்யூபின் இலவசப் பதிப்பு முதன்மை பிராஞ்சை (எல்லோரின் மாற்றங்களும் வந்து சேரும் கிளை) மட்டுமே ஆராயும். புல் ரிக்வெஸ்டிலேயே காட்ட வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும், கட்டணமும் நிரல் வரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும். ஆக இலவசப் பதிப்பில் குறைகள் தெரிவது மெர்ஜ் ஆன பிறகு, மேலே சொன்ன ஃபேஸ்புக் பட்டியலைப் போலத் தனியாக. இலவசம்தானே என்று நிறுவி, ஆறு மாதத்தில் யாரும் திறக்காத பக்கமாக அது மாறுவதற்குக் காரணம் இதுவே. கோட்கியூஎல் கிட்ஹப்பில் உள்ள பொது ரெப்போக்களுக்கு (நிரல் தொகுப்புகள்) இலவசம். தனியார் ரெப்போக்களுக்கு உரிமம் வாங்க வேண்டும்.

எண்களை நம்புவதிலும் கவனம் வேண்டும். தாமஸ் மெக்கேப் 1976இல் முன்வைத்த சிக்கலளவு, ஒரு ஃபங்ஷனில் உள்ள பாதைகளை எண்ணுகிறது; 10ஐத் தாண்டினால் பிரிக்கலாம் என்பது அவர் சொன்ன வரம்பு. இருபது கிளைகள் கொண்ட ஒரு நேரான "ஸ்விட்ச்" இதில் 20ஐத் தாண்டும், ஆனாலும் குழந்தையும் படிக்கலாம். நான்கடுக்கு "இஃப்" குறைந்த எண்ணையே வாங்கும், ஆனால் தலை சுற்றவைக்கும். எங்கே பார்க்கலாம் என்று சுட்டிக்காட்ட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். யாருக்கும் இலக்காக நிர்ணயிக்காதீர்கள். இலக்கானால் ஃபங்ஷனை நடுவில் அறுத்து "பகுதி 1", "பகுதி 2" என்று பெயர் வைப்பார்கள்.

எல்லையும் உண்டு. ஹார்ட்பிளீட் குறை, 2012 மார்ச்சில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 2014 ஏப்ரல் வரை அனைவர் கண்முன்னும் இருந்தது. எதிர்ப்பக்கம் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பியதுதான் அதன் மூலம். கவரிட்டி அன்றைய நிலையில் அதைக் காணவில்லை; பிறகுதான் அதற்கென ஓர் உத்தியைச் சேர்த்தார்கள். சி, சி++ நிரலென்றால் நினைவக சானிடைசரோடு (ஓடும்போதே நினைவகத் தவறுகளைப் பிடிப்பது) ஃபஸ்ஸிங்கையும் (தாறுமாறான உள்ளீடுகளை அனுப்பிப் பார்ப்பது) ஓட்டுவது இத்தகைய குறைகளுக்கு வலுவான வழி.

### மனித ரிவ்யூ

ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976இல் முறைப்படுத்திய ஆய்வுக் கூட்டங்களிலிருந்து இன்றைய புல் ரிக்வெஸ்ட் வரை, பொருட்குறையைப் பிடிப்பது மனிதக் கண்தான். "சரிபார்" என்று பெயர் வைத்த ஃபங்ஷன் சத்தமில்லாமல் தரவுத்தளத்தில் எழுதுகிறது என்பதைப் பார்த்து, இது தவறு என்று சொல்ல மனிதர் வேண்டும். "இந்த நிரலே தேவையில்லை, வேறு இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லவும் வேண்டும்.

அளவுதான் இதன் எதிரி. சிஸ்கோவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு, ஒரு ரிவ்யூவுக்கு 200 முதல் 400 வரிகள், ஒரு மணி நேரத்துக்கு 500 வரிகளுக்கும் குறைவான வேகம் என்பது. 1,500 வரி மாற்றத்தை அனுப்பினால் முதல் சில ஃபைல்களுக்கு நுணுக்கமான கருத்துகளும் மீதிக்கு ஒரே ஒரு ஒப்புதலும் கிடைக்கும். வரிகளை முதலில் பிரித்து அனுப்புங்கள், பிறகு ரிவ்யூவின் தரத்தைப் பற்றிப் பேசலாம். இடைவெளி, கமா பற்றி ரிவ்யூவில் ஒரு கருத்து வந்தாலும் அது ஃபார்மேட்டர் விட்டுவைத்த ஓட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மொழி மாதிரிகளைக் கொண்டு ரிவ்யூ செய்யும் கருவிகளை முதல் வாசகராக வைத்துக்கொள்ளலாம். ஒரே நிரலுக்கு இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லக்கூடியவை என்பதால், மெர்ஜைத் தடுக்கும் கதவாக அவற்றை வைக்க முடியாது.

### டெஸ்ட்களும் மியூட்டேஷனும்

கவரேஜ் எண் ஒரு வரி ஓடியதைச் சொல்லும், சோதிக்கப்பட்டதைச் சொல்லாது. முடிவை ஒப்பிடும் வரி ஒன்றுகூட இல்லாத டெஸ்ட்களால் 100 சதவீதம் எட்டலாம். மியூட்டேஷன் சோதனை வேண்டுமென்றே நிரலைக் கெடுக்கும்: "விடப் பெரிது" என்பதை "பெரிது அல்லது சமம்" ஆக்கும், ஒரு அழைப்பை நீக்கும், அப்போதும் டெஸ்ட்கள் பாஸானால் அந்த டெஸ்ட்கள் பலவீனமானவை. ஜாவாவுக்கு பிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர், பைத்தானுக்கு மியூட்மட். ஒவ்வொரு கெடுதலுக்கும் டெஸ்ட்களைத் திரும்ப ஓட்டுவதால் முழு ரெப்போவுக்கு மணிக்கணக்கில் ஆகும். பணம், அனுமதி, கணக்கீடு சம்பந்தப்பட்ட ஃபைல்களுக்கு மட்டும் ஓட்டினால் போதும்.

## சீர்செய்ய நான்கு வழிகள்

### ஒரேயடியாக எல்லாவற்றையும் சுத்தம் செய்வது

ஃபார்மேட்டருக்கு இதுவே சரியான வழி, தவணை முறையே வேண்டாம். பாதி ஃபைல்கள் பழைய வடிவிலும் பாதி புதிய வடிவிலும் இருந்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் வடிவ மாற்றமும் கலந்து ரிவ்யூவைக் கெடுக்கும். ஒரே கமிட் (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பு), அதில் வேறு எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை, பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளை) புறக்கணிக்க வேண்டிய கமிட்கள் என்று ஒரு ஃபைலில் எழுதி, கிட் அமைப்பில் சுட்டிக்காட்டுங்கள். கிட் 2.23 பதிப்பிலிருந்து (2019) இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் "இந்த வரியை ஏன் எழுதினார்கள்" என்று தேடும் ஒவ்வொருவருக்கும் பதிலாக வருவது அந்த வடிவ கமிட்தான்.

திறந்திருக்கும் பிராஞ்ச்கள் பெரிதும் அடிபடும். மோதல்களை ஒவ்வொன்றாகக் கையால் தீர்க்க வேண்டியதில்லை. வடிவ கமிட்டுக்கு முந்தைய கமிட்டை உங்கள் பிராஞ்சில் மெர்ஜ் செய்யுங்கள். பிறகு அதே ஃபார்மேட்டரை, அதே பதிப்பில், அதே அமைப்பில் உங்கள் பிராஞ்ச் மேல் ஓட்டி கமிட் செய்யுங்கள். கடைசியாக வடிவ கமிட்டை "நம்முடையதையே வைத்துக்கொள்" என்ற உத்தியில் மெர்ஜ் செய்யுங்கள். ஒரு மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும்.

லின்டர் விதிகளுக்கு வரும்போது கதை மாறுகிறது. தானியங்கித் திருத்தத்தில் பொருள் மாறாதவையும் உண்டு, மாறக்கூடியவையும் உண்டு. பைத்தானில் ஒன்றை "நன்" என்ற வெற்று மதிப்போடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், "இஸ்" என்ற சொல்லைப் பயன்படுத்தச் சொல்லும் விதி எல்லோருக்கும் தெரிந்தது, பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால் தரவுத்தளத்தோடு பேச உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகத்தில் "நீக்கிய தேதி == நன்" என்று வடிகட்டியில் எழுதினால், அந்த நூலகம் அதை "அந்தப் புலம் வெற்றாக உள்ள வரிசைகள்" என்ற வினவலாக மாற்றிக்கொள்கிறது. அங்கே "இஸ்" போட்டால் பைத்தானே உடனடியாகக் கணக்கிட்டு "பொய்" என்று சொல்லிவிடும். வினவல் ஒரு வரிசையையும் திருப்பாது. பிழைச்செய்தி எதுவும் வராது, பட்டியல் காலியாக வரும். ரஃப் இந்தத் திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்று பிரித்துவைத்திருப்பதும், தனியாகக் கேட்டால்தான் செய்வதும் அதனால்தான்.

ஆகவே சுத்தம் செய்வதென்றால் ஒரு விதிக்கு ஒரு கமிட். பாதுகாப்பானவை முதலில், தானாக. பாதுகாப்பற்றவை ஒவ்வொன்றாக, அந்த வரிக்கு டெஸ்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. பத்து விதிகளை ஒரே கமிட்டில் திருத்திவிட்டு ஒன்று உடைந்தால், எதைத் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் மொத்தத்தையும் திரும்பப் பெறுவீர்கள்.

இந்த வழி பொருந்துவது: சிறிய ரெப்போ, டெஸ்ட்கள் நன்றாக இருக்கும் ரெப்போ, திறந்த பிராஞ்ச்கள் குறைவாக உள்ள நேரம். டெஸ்ட் இல்லாத பழைய நிரலில் இதைச் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பயனருக்கு எந்த நன்மையும் இல்லாமல் ஆபத்தில் தள்ளுவது அது.

### பேஸ்லைன் போட்டு, புதிய வரிகளை மட்டும் காப்பது

இன்றுள்ள குறைகள் அனைத்தையும் ஒரு ஃபைலில் பதிவுசெய்து மூடி, அதற்கு மேல் ஒன்று வந்தாலும் பில்டை நிறுத்துவது. பிஎச்பிஸ்டான், டீடெக்ட் ஆகியவற்றில் பேஸ்லைன் என்றே இருக்கிறது. ரூபோகாப் இதை "செய்ய வேண்டியவை" ஃபைலாக எழுதும். ஈஎஸ்லின்டில் 2025இல் மொத்த அடக்கல் வசதி வந்தது. கோலாங்சிஐ-லின்ட் குறிப்பிட்ட கமிட்டுக்குப் பிந்தைய மாற்றத்தை மட்டும் காட்டும். சோனார்க்யூபின் இயல்புநிலைத் தரவாயில் (நிரலை ஏற்கலாமா என்று முடிவுசெய்யும் நிபந்தனைத் தொகுப்பு) புதிய நிரலுக்கு மட்டும் 80 சதவீதக் கவரேஜும் 3 சதவீதத்துக்கு மேற்படாத நகலும் கேட்கும்.

அரை நாளில் அமைத்துவிடலாம், எதுவும் உடையாது, காட்டும் நேரமும் சரி. பெரிய பழைய ரெப்போவுக்கு முதல் அடி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறேன். குறைகளை ஏற்றுக்கொள்ளலாமா என்ற தயக்கம் இருந்தால், இன்றைக்கு அவை எப்படியும் இருக்கின்றன, பேஸ்லைன் அவற்றை எண்ணிவைக்கிறது என்று பாருங்கள்.

மறைந்திருப்பவை மூன்று. ஒன்று, பேஸ்லைன் ஃபைல் பெயரை வைத்துப் பதியப்படுகிறது. ஃபைலை இடம் மாற்றினால் பழைய குறைகள் அனைத்தும் புதியவையாகத் திரும்பி வரும். வரிகளை வைத்துப் பார்க்கும் முறையிலும் அப்படியே: நீண்ட ஃபங்ஷனைப் பிரித்து நல்லது செய்தவர் மேல், அவர் நகர்த்திய வரிகளின் பழைய குறைகள் வந்து விழும். அடுத்த முறை அவர் பிரிக்கவே மாட்டார். இதற்கு விதிவிலக்கு வழங்கும் அதிகாரம் ரிவ்யூ செய்பவருக்கு வேண்டும்.

இரண்டு, ஃபைலுக்கும் விதிக்கும் இத்தனை என்று எண்ணிக்கை மட்டும் வைத்திருந்தால், ஒன்றைத் திருத்தி இன்னொன்றை நுழைத்தாலும் கணக்கு மாறாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. நீங்கள் மாற்றியது ஒரு ஃபைல், குறை உருவாவது தொடாத ஃபைலில். இதுவரை எப்போதும் மதிப்பைத் திருப்பிய ஃபங்ஷன் இனி வெற்று மதிப்பையும் திருப்பலாம் என்று மாற்றினால், அதை அழைக்கும் பழைய இடங்கள்தான் உடையும். மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் வடிகட்டி அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். அதனால் டைப் சோதனையை மட்டும் வரி வடிகட்டிக்குள் அடக்காதீர்கள். அது முழு ரெப்போவுக்கும் ஓடட்டும், ஃபைல் அளவிலான பேஸ்லைன் வைத்துக்கொள்ளுங்கள்.

### அடிக்கடி மாறும் ஃபைல்களைத் தேர்ந்து சீர்செய்வது

பேஸ்லைன் போட்ட பிறகு பழைய குறைகளில் எதைத் தொடுவது? மூன்று ஆண்டுகளாக யாரும் திறக்காத ஃபைலில் ஐந்நூறு எச்சரிக்கைகள் இருந்தாலும் அதனால் யாருக்கும் இன்று செலவில்லை. வாரம் மூன்று முறை திறக்கும் ஃபைலில் இருக்கும் ஒரே குழப்பமான ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் நேரத்தைத் தின்கிறது.

கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். கடந்த 12 மாத கிட் பதிவிலிருந்து ஃபைல் பெயர்களை மட்டும் எடுத்து, எத்தனை கமிட்டில் வந்தது என்று எண்ணி, இறங்குவரிசையில் முதல் 20ஐப் பாருங்கள். நூலகப் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பூட்டு ஃபைல்கள், தானாக உருவானவை, மொழிபெயர்ப்பு ஃபைல்கள், மாற்றப் பதிவேடு ஆகியவற்றை நீக்குங்கள். வடிவ கமிட்டையும் கழியுங்கள். மிஞ்சியவற்றின் அருகில் வரி எண்ணிக்கையை எழுதுங்கள். அடிக்கடி மாறுவதும் நீளமானதும் சேர்ந்த ஐந்தாறு ஃபைல்கள் தனியே தெரியும். எப்போதும் ஒன்றாகவே மாறும் இரண்டு ஃபைல்கள் தென்பட்டால் அங்கே ஒரு கண்; அவற்றுக்கிடையே சொல்லப்படாத சார்பு இருக்கிறது.

அந்த ஃபைல்களில் பெரும்பாலும் டெஸ்ட் இருக்காது. ரீஃபாக்டர் செய்யும் (நடத்தையை மாற்றாமல் வடிவமைப்பைச் சீராக்கும்) முன், இன்றைய நடத்தையை அப்படியே படம் பிடிக்கும் டெஸ்ட்களை எழுதுங்கள். உண்மையான பயன்பாட்டிலிருந்து 20, 30 உள்ளீடுகள். ஒவ்வொன்றுக்கும் இன்று வரும் வெளியீட்டைச் சேமித்து ஒப்பிடுங்கள். வெளியீடு தவறாகத் தோன்றினாலும் அப்படியே பதியுங்கள். நேரம், சமவாய்ப்பு எண், வரிசை உறுதியில்லாத தொகுப்புகள் ஆகியவற்றை முதலில் கட்டிப்போடாவிட்டால் டெஸ்ட் காரணமின்றி விழும், இரண்டாவது வாரத்தில் யாராவது அணைத்துவிடுவார்கள்.

பிறகு சிறு அடிகள்: பெயர் மாற்று, பிரித்தெடு, நகர்த்து. நடத்தையை மாற்றும் கமிட்டும் வடிவமைப்பை மாற்றும் கமிட்டும் ஒருபோதும் ஒன்றாக வரக்கூடாது. நடுவில் பக் ஒன்று கண்ணில் பட்டால் குறித்துவைத்துவிட்டுத் தொடருங்கள். அந்தத் தவறான வெளியீட்டை நம்பி வேறொரு அமைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அதைத் திருத்துவது தனி முடிவு.

இந்த வழியின் மறைசெலவு, இது முடியாத வேலை போலத் தோன்றி ஒத்திப்போடப்படுவது. தனிக் "சுத்தம் செய்யும் வாரம்" கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு முறைதான். அந்த ஃபைலைத் தொடும் அடுத்த புதிய அம்சத்தின் மதிப்பீட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்: முதல் கமிட்கள் வழியைச் சீராக்கும், பிந்தையவை அம்சத்தைச் சேர்க்கும். அடுத்த காலாண்டில் நீக்கப்போகும் பகுதி பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

### திருப்பி எழுதுவது

நெட்ஸ்கேப் தன் பிரவுசரின் பழைய மையத்தைக் கைவிட 1998இல் முடிவெடுத்தது. 5.0 வெளிவரவே இல்லை, 6.0 வந்தது 2000 நவம்பரில். அதற்குள் பயனர்கள் போட்டியாளரிடம் போய்விட்டார்கள். பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு விசித்திர நிபந்தனையும் என்றோ ஒரு பயனருக்கு வந்த சிக்கலின் தீர்வு. புதிதாக எழுதுபவருக்கு அந்தப் பட்டியல் கையில் இருக்காது.

இருந்தும் சரியாகும் சூழல்கள் உண்டு. அடித்தளமே முடிந்துவிட்டது (பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் நின்றது); பில்ட் செய்யவே யாருக்கும் தெரியவில்லை; அல்லது ஒருவர் இரண்டு மூன்று வாரத்தில் எழுதிவிடக்கூடிய அளவுதான். அப்போதும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதன் முன்னால் ஒரு வழிப்படுத்தியை வையுங்கள். ஒரு பாதையை மட்டும் புதிதாக எழுதுங்கள். சில வாரங்கள் இரண்டையும் ஓட்டி வெளியீடுகளை ஒப்பிடுங்கள். பொருந்தியதும் அந்தப் பாதையைத் திருப்பிவிட்டு, பழைய நிரலை உடனே நீக்குங்கள். நீக்குவதைத் தள்ளிப்போட்டால் இரண்டு அமைப்புகளையும் காலாகாலத்துக்கும் பராமரிக்க நேரிடும்.

## எந்த வழியானாலும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டியவை

பாதுகாப்புக் குறைகளுக்கு பேஸ்லைன் கிடையாது. ரெப்போவில் எழுதிவைத்த ரகசியச் சாவி, உள்ளீட்டை அப்படியே ஒட்டிக் கட்டிய வினவல் ஆகியவை பழையனவாக இருந்தாலும் இந்த வாரமே. சாவியை நிரலிலிருந்து நீக்கினால் போதாது. கிட் வரலாற்றில் அது இருக்கும், ஆகவே சாவியையே மாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை ஒரு வரியில் அடக்கும் குறிப்பில் விதியின் பெயரும் காரணமும் கட்டாயம். எல்லா விதிகளையும் ஒருசேர அடக்கும் பொதுக் குறிப்பை லின்டரே மறுக்கும்படி அமைக்கலாம். அவசியமற்றுப்போன அடக்கல்களைக் காட்டும் விதியையும் இயக்கிவிடுங்கள்.

கருவியின் பதிப்பை ஒரே எண்ணில் பூட்டிவையுங்கள், எடிட்டரிலும் சிஐயிலும் (மாற்றங்களைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) அதே எண். பூட்டாவிட்டால் புதிய பதிப்பில் சேர்ந்த விதி ஒன்று, எந்த மாற்றமும் செய்யாத ஒருவரின் பில்டைத் திங்கட்கிழமை காலையில் உடைக்கும். பதிப்பு உயர்த்துவது தனி புல் ரிக்வெஸ்டாக, புதிய விதிகளுக்கான பேஸ்லைனோடு சேர்ந்து வரட்டும்.